லேபிள் இல்லாத கள்ளிச் செடியை அடையாளம் காண்பது எப்படி?

ரோட்டோர நர்சரியில ஒரு குட்டித் தொட்டியை எடுத்து, "இது என்ன செடிண்ணா?"ன்னு கேட்டுப் பாருங்க. "கேக்டஸ் தம்பி, வாரத்துக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்துங்க"ன்னு பதில் வரும். பக்கத்துல இருக்கிற, கொஞ்சமும் ஒத்துப்போகாத இன்னொரு செடிக்கும் அதே பேர்தான், அதே தண்ணிக் கணக்குதான். இன்னைக்கு எபிசோடு அந்த லேபிள் இல்லாத தொட்டியைப் பத்தி.

முதல்ல, பேர் எதுக்கு? செடி உயிரோட இருக்கவும், நாம பத்திரமா இருக்கவும். கிறிஸ்துமஸ் கேக்டஸ் பிரேசில் காடுகள்ல, மரக்கிளை மேலயும் பாறை இடுக்குலயும் நிழல்ல வளர்றது. உருண்டையா மஞ்சள் முள்ளோட இருக்கிற கோல்டன் பேரல், மெக்சிகோவின் வறண்ட சரிவுகளைச் சேர்ந்தது. ரெண்டுமே கேக்டஸ்தான். ஆனா ரெண்டையும் ஒரே மொட்டை மாடி வெயில்ல வெச்சு ஒரே அளவு தண்ணி ஊத்தினா, ஒண்ணு போயிடும்.

ஆரம்பத்துலயே முழுப் பேரைத் தேடி ஓடாதீங்க. ஒரு பக் எங்க இருக்குன்னு தேடும்போது, கோடை ரெண்டாப் பிரிச்சு, "இந்தப் பாதியில இல்லை"ன்னு விலக்கிட்டுப் போவோம் இல்லையா? இங்கயும் அதே வழிதான். முதல் பிரிவு, கேக்டஸா, யூஃபோர்பியாவா?

இந்த இடத்துல தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு. சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாத்துக்கும் 'கள்ளி'ன்னு ஒரே கடைசிப் பேர். ஆனா சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துலருந்து வந்த கேக்டஸ். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா, ஆமணக்கோட குடும்பம். வறட்சியைச் சமாளிக்க ரெண்டு குடும்பமும் தனித்தனியா ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

எப்படிப் பிரிக்கிறது? முள் கிளம்புற இடத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க. கேக்டஸ்ல முள் நேரடியா தண்டுலருந்து வராது. சின்ன மெத்தை மாதிரி, பல நேரம் பஞ்சு வெச்ச மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அதுக்கு ஏரியோல்னு பேர். முள், பூ, புதுக் கிளை எல்லாம் அங்கிருந்துதான் வரும். முள்ளே இல்லாத கேக்டஸ்லயும் ஏரியோல் இருக்கும். யூஃபோர்பியாவுல அது கிடையாது. முள் இருந்தா பெரும்பாலும் ஜோடி ஜோடியா, தண்டோட ஒட்டின கொம்பு மாதிரி நிக்கும்.

"வெட்டிப் பார்த்தா பால் வருமே, அது போதாதா?"ன்னு கேட்பீங்க. போதாது. மாமில்லாரியாங்கிற கேக்டஸ் வகையிலயும் சில இனங்கள்ல பால் வரும். அதைவிட முக்கியமான காரணம், அந்தப் பால் ஆபத்தானது. கள்ளிப்பால்னா என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அது யூஃபோர்பியாவோட பால். தோல்ல பட்டா எரியும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அதனால சோதனைக்காக வெட்டாதீங்க. பதியம் போட வெட்டியே ஆகணும்னா கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கோங்க. கண்ணுல பட்டுட்டா உடனே சுத்தமான தண்ணியில ஒரு கால் மணி நேரம் நல்லா கழுவிட்டு, நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. வீட்டுல குழந்தையோ பூனையோ இருந்தா, இந்த ஒரு பிரிவு மட்டும் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

அடுத்தது கற்றாழை. சோற்றுக்கற்றாழை அலோ. ரயில்பாதை ஓரம் நிக்கிற ஆனைக்கற்றாழை அகேவ். அலோ மடல் சதைப்பற்றா இருக்கும், ஒடிச்சா உள்ளே வழவழன்னு கூழ் தெரியும். அகேவ் மடல் நார் நிறைஞ்சது, லேசுல ஒடியாது, நுனியில ஊசி மாதிரி முள். அலோ பல தடவை பூக்கும். அகேவ்ல பெரும்பாலானவை ஒரே ஒரு தடவை பூத்துட்டு முடிஞ்சிடும். ஆனைக்கற்றாழைச் சாறு பட்டா தோல் அரிச்சுப் புண்ணாகும். அதனால கற்றாழை மாதிரி இருக்கேன்னு எதையும் முகத்துல தடவாதீங்க, ஜூஸும் போடாதீங்க.

மூணாவது, நீங்க பார்க்கிறது செடியோட சொந்த உருவமான்னு பாருங்க. கேக்டஸ் தலையில பளபளன்னு காகிதம் மாதிரி பூ, மாசக்கணக்கா வாடவே இல்லைன்னா, அது பசை வெச்சு ஒட்டின காய்ஞ்ச பூவா இருக்கலாம். சிவப்பு, மஞ்சள் உருண்டையோட விற்கிற மூன் கேக்டஸ்ல ரெண்டு செடி இருக்கு. மேல இருக்கிறது பச்சையமே இல்லாத ஜிம்னோகாலிசியம். கீழ ஒட்டுக்குப் பயன்படுத்தினது பெரும்பாலும் டிராகன் ஃபுரூட் வகைக் கேக்டஸ். அப்புறம், வெளிச்சம் பத்தாம நீண்டு வெளிறிப்போன எக்கிவேரியாவைப் போட்டோவோட ஒப்பிட்டா எதுவுமே பொருந்தாது. நல்ல வெளிச்சத்துல புது வளர்ச்சி வரட்டும், அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

போன்ல இருக்கிற ஆப்? தாராளமாப் பயன்படுத்துங்க. ஆனா அது சொல்றதைப் பதிலா எடுத்துக்காம, விசாரிக்க வேண்டிய பட்டியலா எடுத்துக்கோங்க. ஒரே போட்டோ போதாது. மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முள் கிளம்புற இடம் நெருக்கத்துல ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்கேல். பூத்துச்சுன்னா கண்டிப்பா பூவையும் எடுங்க. பல கேக்டஸ்ல பூவும் காயும் பார்க்காம இனம் வரைக்கும் போக முடியாது.

இப்ப லேபிள். தெரிஞ்ச வரைக்கும் மட்டும் எழுதுங்க. "மாமில்லாரியா, இனம் தெரியாது, வாங்கின தேதி, வாங்கின இடம்" - இது முழுமையான, நேர்மையான லேபிள். எக்கிவேரியாவுல கலப்பினங்கள் ஏராளம். வளர்த்தவரோட குறிப்பு தொலைஞ்சிட்டா, பார்வையை வெச்சு உறுதியான பேர் சொல்றது கஷ்டம். டேட்டாபேஸ்ல காலியா இருக்கிற கட்டத்தைப் பார்த்தா யாராவது விசாரிப்பாங்க. தப்பா நிரப்பின கட்டத்தை எல்லாரும் நம்பிடுவாங்க. அந்தத் தொட்டியிலருந்து ஒரு கிளை வாங்கிட்டுப் போறவங்க தப்பான பேரையும் சேர்த்தே எடுத்துட்டுப் போவாங்க.

பேர் மாறினா எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பழைய கதை இருக்கு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில, ஜேம்ஸ் ஆண்டர்சன்ங்கிற கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கோச்சினீல்ங்கிற சிவப்புச் சாயம் தர்ற பூச்சியை அதுல வளர்க்கிறதுதான் திட்டம். 1795-ல பிரேசில்லருந்து இந்தியாவுக்குப் பூச்சி வந்துச்சு. ஆனா வந்தது உயர்ந்த சாயம் தர்ற பூச்சி இல்லை, அதோட உறவுக்கார இனம். சாயம் தேறலை. பூச்சி ஒரே ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தை, ஓபன்ஷியா மோனகாந்தாவை, தின்னு அழிச்சுட்டு, நம்ம பக்கம் பரவிக் கிடந்த டில்லினியை விட்டுடுச்சு. அதைக் கட்டுப்படுத்த 1926-ல இலங்கையிலருந்து வேற ஒரு பூச்சி கொண்டுவர வேண்டியிருந்தது. நம்ம கண்ணுக்கு ரெண்டும் சப்பாத்திக்கள்ளிதான். பூச்சிக்கு அப்படி இல்லை.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுல இருக்கிற முள் செடி ஒவ்வொண்ணையும் வெட்டாம, லென்ஸ்ல பாருங்க. ஏரியோல் இருக்கா, இல்லையா? இல்லாததையும் சந்தேகமானதையும் குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துக்கு மாத்துங்க. பேர் அப்புறம் மெதுவா வரட்டும். அடுத்த எபிசோடுல மண் கலவையைப் பத்திப் பேசலாம்.