திறப்பு யார் மடியில்?

(கரவெட்டிக் கூட்டமொன்றில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



காணியை விலைக்கு விற்றவன், கிணற்றுக்குப் பூட்டுப்போட்டுத் திறப்பைத் தன் மடியில் முடிந்துகொண்டால் நாம் ஒப்புவோமா? ஒப்பமாட்டோம், நீதிமன்றம் ஏறுவோம். ஆனால், பாடுபட்ட பணத்தைக் கொடுத்து வாங்கும் வாகனத்தில் அதே பூட்டைக் கண்டும் வாளாவிருக்கின்றோம்.

இன்றைய வாகனத்தை ஆள்வது ஒரு சிறு கணினி. பழுது எங்கே என்பதை அதுவே குறியீடாக எழுதி வைக்கின்றது. அக்குறியீட்டைப் படிக்கும் கருவியையும் விளக்கத்தையும் கொம்பனி தன் முகவருக்கு மட்டுமே கொடுத்தால், நெல்லியடியில் உள்ள கைதேர்ந்த மெக்கானிக் கைகட்டி நிற்கவேண்டியதுதான். வெங்காயம் ஏற்றவேண்டிய லொறி முற்றத்தில் கிடக்கும், வெங்காயம் அழுகும்.

நாம் திருத்தத் தெரியாதவர்களா? 1990களில் பெற்றோலைத் தடைசெய்து நம்மை முடக்க முனைந்தபோது, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மக்கள் நாம்! அன்றைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் நம் தொழிலாளிக்கு எதையும் ஒளிக்கவில்லை. அதனால் அன்று நாம் பிழைத்தோம்.

இந்தியாவில் நடந்ததைக் கேளுங்கள். சம்சேர் கட்டாரியா என்பவரின் முறைப்பாட்டில் தொடங்கிய வழக்கில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணைக்குழு 14 கார்க் கொம்பனிகளுக்கு 2,544 கோடி ரூபாவுக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளித் தொழிலாளர்களுக்கு மறுத்ததே குற்றம். 2016 இல் மேன்முறையீட்டு நியாயசபை, தன்முன் வந்த மூன்று கொம்பனிகளின் அபராதத்தைக் குறைத்தது; குற்றமென்ற முடிவை மாற்றவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023 இல் விவசாயிகளுக்கென்றே திருத்தும் உரிமைச் சட்டம் இயற்றிற்று.

“பாதுகாப்புக் கெடும்” என்பர் கொம்பனியார். பாதுகாப்பில் அக்கறையுள்ளவர் அறிவைப் பகிர்வர், பயிற்சி தருவர். அறிவை மறைப்பதனால் காப்பாற்றப்படுவது உயிரன்று, இலாபமே.

நம் நாட்டிலும் வழியுண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், போட்டியைத் தடுக்கும் வணிக முறைகளை விசாரிக்க அதிகாரம் அளிக்கின்றது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. புதிய வாகனங்கள் தெருவை நிறைக்குமுன் நாம் பேசவேண்டும்.

நமது கோரிக்கை மூன்று. கருவியும் விளக்கநூலும் நியாய விலையில் எவருக்கும் கிடைக்கவேண்டும். வெளியே திருத்தியதற்காக உத்தரவாதம் இரத்தாகலாகாது. வாகனம் எழுதும் குறிப்பு உரிமையாளனுக்கே உரியதாகவேண்டும்.

பழுதுபட்ட வாகனமும் மறுக்கப்பட்ட விபரமும் உள்ளோர் பற்றுச்சீட்டுகளுடன் வாருங்கள். முறைப்பாட்டை எழுதித் தருவது எம் கடமை. கையொப்பமிடுவது உங்கள் கடமை. விற்றவன் திறப்பைத் தந்தே தீரவேண்டும்!