பழைய முகமும் புதிய கருவியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நிழற்படங்களைத் திருத்தும் கணனி மென்பொருள்கள் நாளுக்குநாள் வளர்கின்றன. அவ்வளர்ச்சியால் கணனி ஓவியரின் தொழில் எவ்வாறு மாறுகின்றது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சமய சங்கத்து மேடையிலே இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நம்மவர் வீடுகளிலே ஒரு சுவரில் சுவாமி படமும் மற்றொரு சுவரில் காலஞ்சென்ற முன்னோரின் படமும் தொங்குகின்றன. இவ்விரண்டையும் ஆக்கித் தருபவர் இன்று பெரும்பாலும் கணனி ஓவியரே. ஆதலின் அவர் தொழிலில் நேரும் மாற்றம் நம் வீட்டினுள்ளும் வரும் என்பது தெளிவு.

படத்தைத் திருத்துதல் புதிய வழக்கமன்று. முன்னாளிலே ஸ்ரூடியோக்காரர் நெகற்றிவின்மேற் கூரிய பென்சிலாற் தொட்டு முகத்து வடுக்களை மறைத்தனர். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் நிறந்தீட்டினர். 1990 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அடோபி நிறுவனம் ஃபொட்டோஷொப் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அமெரிக்க மாணவர் தோமஸ் நோல் 1987 இலே தொடங்கித் தம் சகோதரர் ஜோன் நோலுடன் சேர்ந்து வளர்த்த வேலை அது. 1994 இல் ஒரே படத்தைப் பல ஏடுகளாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் திருத்தும் வசதி அதிற் சேர்ந்தது. 2002 இலே கீறலையும் கறையையும் அயலிலுள்ள தோலின் தன்மைக்கேற்ப ஆற்றும் தூரிகை வந்தது. 2010 இலே வெட்டிய இடத்தைச் சுற்றுப்புறம் பார்த்துத் தானே நிரப்பும் ஆற்றல் வந்தது. 2023 இலோ, வேண்டியதைச் சொல்லால் எழுதினால், படத்தில் இல்லாத பொருளையும் செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுக்கலாயிற்று.

இங்கே ஒரு வேற்றுமையை நாம் நன்கு கவனித்தல் வேண்டும். முந்திய கருவிகள் படத்திலே உள்ளதையே எடுத்து இடம் மாற்றின. இன்றைய கருவியோ தான் பயின்ற எண்ணிறந்த படங்களின் சாயலைக் கொண்டு புதிதாக வரைகின்றது. அது நம் பாட்டனாரின் முகத்தை அறியாது. ஊருலகத்து முகங்களையே அறியும்.

இஃது எங்கோ நடக்கும் காரியமென்று நாம் வாளாவிருத்தல் இயலாது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டோர் பலர். அல்பங்களை எடுக்க அவகாசமில்லை. இன்று அத்தகைய குடும்பங்கள் சிலவற்றிலே எஞ்சியிருப்பது அடையாள அட்டையிலுள்ள சிறு படமொன்றே. அதனையே ஓவியரிடம் கொடுத்து, பெரிதாக்கித் தரும்படி கேட்கின்றனர். கருவியிலே இட்டால் சில விநாடியில் விழியும் உதடும் தெளிவாக வந்துவிடுகின்றன. ஆனால் அவ்விழி தந்தையின் விழிதானா? அவரைக் கண்டறியாத பேரப்பிள்ளை அதனையே பாட்டனாரென்று நம்பி வளரும். கண்டவர்கள் மறைந்தபின் பிழையென்று சொல்லவும் ஒருவர் இரார்.

இவ்விடத்திலே நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் நமக்கு வழிகாட்டுகின்றனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இலே கலித்தொகையை அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1894 இலே புறநானூற்றை வெளியிட்டார். அந்நூலின் 267 ஆம், 268 ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைத்தில. இரண்டு செய்யுள் இயற்றி நானூற்றை நிறைவாக்குதல் புலமை மிக்க அவருக்கு அரிய காரியமன்று. அவரோ அதனைச் செய்தாரில்லை. இழந்ததை இழந்ததாகவே காட்டினார். ஆதலினாலேயே உள்ளதை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்.

ஓவியரின் தொழிலும் இனி இத்தகையதே. ஒரு நாள் முழுதும் இருந்து கீறல் அகற்றிய வேலை சில நிமிடத்தில் முடிகின்றது; அதற்குரிய கூலியும் குறைகின்றது. கைவேகத்தை நம்பியிருந்தோருக்கு இது துன்பமே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயினும் கருவி செய்யமாட்டாத வேலையொன்று உண்டு. வீட்டுப் பெரியவரை அருகிலிருத்தி, நெற்றியின் அகலம் இவ்வளவா, மூக்குத்தி எப்பக்கம், சேலை என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவது மனிதருடைய வேலை. எதனை நிரப்பலாம், எதனை மங்கலாகவே விடவேண்டும் என்று துணிவதும் அவருடைய வேலையே.

சுவாமி படத்துக்கும் இது பொருந்தும். கோவிற்பட்டியிலே இருந்து தெய்வப் படங்கள் வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) போன்றோர் எக்கரத்தில் எப்படைக்கலம் என்பதை அறிந்து வரைந்தனர். கருவிக்குத் தியான சுலோகமும் தெரியாது, சிற்பநூலும் தெரியாது. ஆறுமுகப் பெருமானுக்குப் பன்னிரு கரம் என்றால், எண்ணிப் பார்ப்பவர் நாமாகவே இருத்தல் வேண்டும். திருவிழா அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்குமுன் அர்ச்சகரிடமோ ஆகமம் அறிந்தவரிடமோ ஒருமுறை காட்டுவதாற் குறைவொன்றும் இல்லை.

இளைஞர்களே, கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். அஞ்சி ஒதுங்க வேண்டாம். ஆனால் மூன்று காரியங்களை மறவாதீர்கள். மூலப்படத்தை மாற்றாது ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். திருத்திய படத்தின் பின்புறத்திலே எது பழையது, எது புதிதாக வரைந்தது என்று எழுதிவையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே படத்திலுள்ளோரின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்டு வரும்போது சற்றே இருந்து சொல்லுங்கள். எந்த மென்பொருளும் தரமாட்டாத அறிவு உங்களிடமே இருக்கின்றது.