தனியொருவனும் நீண்ட பட்டையும்



கழைக்கூத்தாடியின் கயிற்றைக் கண்டிருப்பீர்கள். அது விறைப்பாக நிற்பது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஸ்லாக்லைன் அத்தகையதன்று. இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள நைலான் பட்டையை இரு மரங்களுக்கிடையே கட்டி, அது துள்ளவும் அசையவும் அதன்மேல் நடப்பதே இவ்விளையாட்டு. அமெரிக்காவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் மலையேறுவோரிடையே வளர்ந்தது இது. அங்கே 1985ஆம் ஆண்டில் ஸ்காட் பால்கம் என்பவர், லாஸ்ட் ஆரோ என்னும் பாறைத்தூணுக்கும் மலைவிளிம்புக்கும் இடையே கட்டிய பட்டையில் நடந்து காட்டினார்.

சென்ற கோடையில், 30 மீட்டர் இடைவெளியில் நின்ற இரு புளியமரங்களுக்கிடையே என் பேரன் தன்னந்தனியே பட்டை கட்ட முனைந்தான். ஒருவன் கைவலிமை இதற்குப் போதுமா என்று ஐயுற்றேன். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 60 கிலோகிராம் எடையுள்ளவன் நடுவில் நிற்க, பட்டை 1 மீட்டர் தாழ்கிறது என்று கொள்வோம். எடையை நீளத்தால் பெருக்கித் தாழ்வின் நான்கு மடங்கால் வகுத்தால், ஏறத்தாழ 450 கிலோகிராம் எடைக்கு ஒப்பான இழுவிசை கிடைக்கும். தாழ்வு அரை மீட்டரே இருக்கவேண்டும் என்றால் விசை 900 ஆகிவிடும்! ஆதலால், நீண்ட பட்டையை மிகையாக இறுக்காமல், மரத்தில் சற்று உயரக் கட்டித் தாழ இடங்கொடுப்பதே அறிவுடைமை.

அவன் மரப்பட்டை தேயாதபடி சாக்கைச் சுற்றினான். ஒரு முனையைக் கட்டினான். மறுமுனையில் தொய்வு முழுவதையும் கையாலேயே இழுத்துக் களைந்தான். அதன்பின் இரட்டைக் கப்பிகள் இரண்டினைப் பூட்டினான். ஐந்து மடங்கு விசை தரும் அமைப்பு அது. உராய்வு அதில் ஒரு பங்கை உண்டுவிடும். பட்டை ஒரு சாண் நகரக் கயிற்றை ஐந்து சாண் இழுக்கவேண்டும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை அன்றோ? அவன் இளைத்து நின்றபோதெல்லாம், கயிறு பின்வாங்காதபடி ஒரு தடைக்கருவி பற்றிக்கொண்டது. தனியொருவனுக்கு இரண்டாவது ஆள் அந்தத் தடையே.

வியப்பில் நான் பட்டையை நெருங்கிவிட்டேன்.

"தாத்தா, விலகி நில்லுங்கள்!" என்று உரத்துக் கூவினான் அவன்.

என் கை தானாகவே புருவத்துத் தழும்பைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், இளம் ஆசிரியனாக இருந்தபோது, கைப்பந்து வலையின் கம்பியைத் தனியே முறுக்கினேன். கொக்கி கழன்றது, கம்பி முகத்தில் அறைந்தது. விரலளவு தாழ்ந்திருந்தால் கண்ணையே இழந்திருப்பேன். இழுத்த நாணில் தேங்கிய ஆற்றலைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியவன்தான் நான்!

பேரனோ, அறுந்தாலும் கப்பி பறந்து வராதபடி அதை வேறொரு கயிற்றால் மரத்தோடு பிணைத்திருந்தான். மாலையில் தளர்த்தும்போதும் கயிற்றைச் சட்டென்று விடாமல், மெல்ல மெல்ல நழுவவிட்டான்.

மாணவர்களே, தனித்துச் செய்வது பெருமையே. ஆயினும் பிழை நேர்ந்தால் தடுக்க அருகில் எவரும் இல்லை என்பதை முதலிலேயே எண்ணிச் செய்பவனுக்கே அப்பெருமை உரியது.