விளையாட்டுப் பெட்டியும் காப்புரிமைச் சங்கிலியும்

(அறிவுசார் சொத்துரிமை குறித்த கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காப்புரிமை என்றதும் மருந்தும் விதையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் காப்புரிமை எனும் ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு விளையாட்டுப் பொருளே போதுமானது. தொலைக்காட்சித் திரையில் ஒளிப்புள்ளியை நகர்த்தும் பெட்டி, கைக்குள் அடங்கும் விசைக்கருவி ஆகியவற்றின் மீது அமெரிக்க நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகளாக வழக்குகள் நடந்துள்ளன. அறிவைப் படைப்பது யார், அதன் பலனை அறுவடை செய்வது யார் என்ற கேள்வி அவ்வழக்குகளின் அடியில் இருக்கிறது.

முதல் வழக்கு

ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் யூத எதிர்ப்பு வெறிக்குத் தப்பி 1938-இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர் ரால்ஃப் பேயர். இராணுவ மின்னணுக் கருவிகளைத் தயாரித்த சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் அவர் பொறியாளராகப் பணியாற்றினார். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட முடியும் என்ற கருத்தை 1966-இல் அவர் எழுத்தில் வடித்தார். பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகிய சக ஊழியர்களுடன் சேர்ந்து அதற்குக் கருவி வடிவம் கொடுத்தார். காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்தவை பொறியாளர்களின் பெயர்கள். உரிமையோ அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்நிறுவனம் உரிமத்தை மேக்னவாக்ஸ் நிறுவனத்துக்கு அளித்தது. 1972-இல் 'ஒடிசி' என்ற பெயரில் அக்கருவி சந்தைக்கு வந்தது.

அதே ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த ஒடிசி செயல்விளக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நோலன் புஷ்னெல். சில மாதங்களில் அவருடைய அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற மேசைப்பந்து விளையாட்டை வெளியிட்டது. 1974-இல் மேக்னவாக்ஸ் வழக்குத் தொடுத்தது. செயல்விளக்க அரங்கின் வருகைப் பதிவேட்டில் இருந்த புஷ்னெலின் கையொப்பம் சான்றாக நின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது அட்டாரி எடுத்த முடிவு. 1976-இல் விசாரணைக்கு முன்பே அது சமரசம் செய்துகொண்டு, நிலையான ஒரு தொகைக்கு உரிமம் பெற்றது. 1977-இல் சிகாகோ நீதிமன்றம் காப்புரிமைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஏனைய நிறுவனங்கள் விற்பனைக்கேற்ப உரிமத் தொகை செலுத்தும் நிலைக்கு வந்தன. எதிரியாக நின்ற அட்டாரிக்கு அதே காப்புரிமை போட்டியாளர்களைத் தடுக்கும் வேலியாயிற்று! வழக்குகள், உரிமங்கள் மூலம் கிடைத்த மொத்த வருவாய் 10 கோடி டாலரைத் தாண்டியதாகக் கூறப்படுகிறது.

பொது அறிவின் கதி

பேயருக்கு முன்பே இத்துறையில் உழைத்தவர்கள் உண்டு. 1958-இல், அரசு நிதியில் இயங்கிய புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் பார்வையாளர்களுக்காக அலைகாட்டித் திரையில் டென்னிஸ் விளையாட்டை அமைத்துக் காட்டினார். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றி, பின்னர் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் அவர். அவ்விளையாட்டுக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 1962-இல் எம்ஐடி இளைஞர்கள் உருவாக்கிய 'ஸ்பேஸ்வார்' நிரலும் காப்புரிமையின்றிக் கைமாறிப் பிற கணினி மையங்களுக்குப் பரவியது.

1985-இல் நிண்டெண்டோ நிறுவனம் ஹிகின்பாதத்தின் டென்னிஸைச் சான்றாகக் காட்டி, மேக்னவாக்ஸின் காப்புரிமையைச் செல்லாததாக்க முயன்றது. அக்கருவி தொலைக்காட்சிக்குரிய வீடியோ சமிக்ஞையைப் பயன்படுத்தவில்லை எனக் கூறி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் நிண்டெண்டோ காப்புரிமை ஏகபோகத்தை எதிர்க்கும் நிறுவனம் அல்ல. கன்பெய் யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவத் திசை விசைக்கு 1987-இல் அதுவே அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. கட்டைவிரலுக்கு இயல்பாக அமைந்த ஒரு வடிவத்தைச் சுற்றி ஏனைய நிறுவனங்கள் பல்லாண்டுகள் விலகிச் செல்ல வேண்டியதாயிற்று.

பேரமாகும் வழக்கு

விசைக்கருவியின் அதிர்வு தொடர்பான வழக்கு இதை மேலும் தெளிவாக்குகிறது. 2002-இல் இம்மெர்ஷன் நிறுவனம் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டின் மீதும் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2003-இல் 2.6 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கியது. அதில் 60 லட்சம் டாலர் இம்மெர்ஷனில் செய்த முதலீடு. சோனி போராடித் தோற்றது. 2004-இல் நடுவர் குழு 8.2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் விசைக்கருவியில் அதிர்வு வசதியே இல்லை. அசைவு உணரிக்கு அதிர்வு இடையூறாகும் என்பது சோனி சொன்ன காரணம். 2007-இல் சமரசம் ஏற்பட்ட பிறகு வந்த விசைக்கருவியில் இரண்டும் சேர்ந்தே இருந்தன!

முந்தைய ஒப்பந்தப்படி சோனியிடம் கிடைத்த பணத்தில் தனக்கும் பங்கு உண்டு என மைக்ரோசாஃப்ட் வழக்காடி, 2008-இல் 2.075 கோடி டாலரைப் பெற்றுக்கொண்டது. இத்தனை கோடிகளும் நிறுவனங்களின் கணக்குகளுக்கிடையே இடம் மாறின. கருவியைப் பொருத்திய தொழிலாளியின் கூலியோ, வாங்கியவர் கொடுத்த விலையோ அந்த நீதிமன்றங்களின் விவாதப் பொருளாகவே இல்லை.

நம் நாட்டில்

பேயரின் திறமையை மறுப்பதற்கில்லை. கண்டுபிடித்தவருக்குப் பெருமையும் ஊதியமும் உரியவையே. பலருடைய கூட்டு உழைப்பிலும் பொது நிதியிலும் வளர்ந்த அறிவை ஒரு நிறுவனம் பல்லாண்டுகள் வேலியிட்டு வைப்பதே இங்கு கேள்விக்குரியது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலைத் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதல்ல என்கிறது. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், வன்பொருளுடன் இணைந்த நிரலுக்குக் கதவைத் திறக்க முற்பட்டது. இடதுசாரிக் கட்சிகளும் மக்கள் இயக்கங்களும் அவசரச் சட்டத்தை எதிர்த்து நின்றன. 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த ஏற்பாடு இடம்பெறவில்லை.

ஆயினும் நாடாளுமன்றத்தில் மூடிய கதவை அலுவலக வழிகாட்டுதல்கள் மூலம் திறக்க முடியும். நிரல் தொடர்பான கண்டுபிடிப்புக்குப் புதிய வன்பொருளும் தேவை என 2016 பிப்ரவரியில் காப்புரிமை அலுவலகம் வகுத்த சோதனை, 2017 ஜூனில் வந்த திருத்திய வழிகாட்டுதலில் கைவிடப்பட்டது. அவையில் விவாதமில்லை, வாக்கெடுப்பில்லை. சிறு நிறுவனங்களும் மாணவர்களும் எழுதும் நிரல்கள் மீது நாளை பெருநிறுவனங்கள் உரிமை கொண்டாடினால், நீதிமன்றச் செலவைத் தாங்கும் வலிமை யாருக்கு உண்டு?

எனவே சட்டப் பிரிவை வென்றெடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வழிகாட்டுதல்களைக் கண்காணிப்பதும், தகவல் தொழில்நுட்பத் தொழிலாளர்களிடையே இப்பிரச்சனையை எடுத்துச் செல்வதும், பொது நிதியில் விளைந்த அறிவு பொதுச் சொத்தாகவே நீடிக்க வேண்டும் எனப் போராடுவதும் இன்றைய கடமைகளாகும்.