பரணில் இருக்கும் ஸ்பீக்கர்கள்: எதை எதோடு சேர்க்கலாம்?

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் 5.1 ஸ்பீக்கர் செட் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் செட்டில் சப்வூஃபர் பெட்டி போயிருக்கும், சின்ன ஸ்பீக்கர் ஐந்தும் நன்றாக இருக்கும். இன்னொருவர் வீட்டில் பெட்டி நன்றாக இருக்கும், சென்டர் ஸ்பீக்கர் கரகரவென்று இருக்கும். இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. கலக்கலாம். ஆனால் எந்த இடத்தில் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாட்டு வருமா, புகை வருமா என்பது.

இந்த செட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய வயரில் ஓடுவது சிறிய சிக்னல்தான். பெட்டியிலிருந்து சின்ன ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயரில் ஓடுவது பவர். பெட்டிக்கு முன்னால் கலந்தால் பெரிதாக எதுவும் கெடாது. பெட்டிக்குப் பின்னால் கலப்பதாக இருந்தால் அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அளக்க வேண்டியது ஓம். ஸ்பீக்கரின் பின்பக்க ஸ்டிக்கரில் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று ஏதாவது போட்டிருக்கும். நான் காமர்ஸ் படித்தவன். இந்தக் கணக்கு வட்டிக் கணக்கைவிட எளிது. ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் தள்ளுகிறது என்று வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 1.5 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் 4 ஓம் மாட்டினால் 3 ஆம்பியர். கரண்ட் இரட்டிப்பு. அந்தச் சூடு முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் சிப் தலையில். சில சிப்புகள் சூடேறினால் தாமே நின்றுகொள்ளும். எல்லாம் அப்படி இல்லை.

தலைகீழாகச் செய்தால் ஆபத்தில்லை. 4 ஓமுக்கான பெட்டியில் 8 ஓம் மாட்டினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் டி.டி.ஏ. 2030 என்ற சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 28 வோல்ட் சப்ளையில் 4 ஓமுக்கு 12 வாட், 8 ஓமுக்கு 8 வாட் என்பது அதன் உத்தரவாதம். விலை மலிவான பெட்டியின் அட்டையில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். அது கடன் விண்ணப்பத்தில் எழுதும் வருமானம் மாதிரி. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் பாஸ்புக்கில் ஏறுவது.

ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதா? மல்டிமீட்டரில் பாருங்கள், வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு. மீட்டர் காட்டுவது அச்சிட்ட எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு என்று காட்டும். 4 ஓம் மூன்று, மூன்றரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உடனே குப்பையில் போடாதீர்கள். சில சின்ன ஸ்பீக்கர்களுக்குள் ஒரு கெபாசிட்டர் தொடராக இருக்கும், அது மீட்டரின் கரண்டைத் தடுத்துவிடும்.

மிச்சமான இரண்டு ஸ்பீக்கரை ஒரே வயரில் முறுக்கி மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். 8 ஓம் இரண்டை அப்படிச் சேர்த்தால் பெட்டிக்கு அது 4 ஓம். 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2. அதை இந்தச் சின்னப் பெட்டிகள் தாங்காது. அதைவிட மோசம், இரண்டு பெட்டிகளின் வயரை ஒரே ஸ்பீக்கரில் கொண்டுவந்து சேர்ப்பது. அதை ஒருக்காலும் செய்யாதீர்கள். கறுப்பு வயர் எல்லாம் எர்த்துதானே என்று வெவ்வேறு ஸ்பீக்கரின் கறுப்பு வயர்களை ஒன்றாகக் கட்டுவதும் கூடாது. சில ஆம்ப்ளிஃபயர்களில் இரண்டு முனையிலும் வோல்டேஜ் இருக்கும்.

சரி, பாதுகாப்பான வழி எது? ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் சொந்த ஸ்பீக்கர்களையே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் பின்புறம் பச்சை ஓட்டை முன் ஸ்பீக்கருக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும். நல்ல நிலையில் உள்ள செட்டைப் பச்சையிலும் ஆரஞ்சிலும் மாட்டுங்கள். இன்னொரு பழைய 2.1 செட்டைக் கறுப்பில் மாட்டிப் பின்னால் வையுங்கள். எந்தப் பெட்டியும் அடுத்தவர் ஸ்பீக்கரைச் சுமக்கவில்லை. மூன்றே ஓட்டை உள்ள கம்ப்யூட்டரில் பெரும்பாலும், செட்டிங்கில் 5.1 என்று தேர்ந்தெடுத்ததும் நீலம் பின் ஸ்பீக்கருக்கும் பிங்க் சென்டருக்கும் மாறிக்கொள்ளும். லேப்டாப்பில் பொதுவாக ஒரே ஓட்டைதான், அதற்கு 5.1 யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு தனியாக வேண்டும். இரண்டு பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள், ‘ம்ம்’ என்ற இரைச்சல் வரும் வாய்ப்பு குறையும்.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னால் உள்ள மூன்றும், அதாவது இடது, சென்டர், வலது, ஒரே செட்டாக இருக்கட்டும். திரையில் ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் குரல் மாறினால் ஓடுவது வேறு கார் மாதிரி இருக்கும். பின் ஸ்பீக்கர்கள் வேறாக இருந்தால் அவ்வளவு தெரியாது. செட்டுக்குச் செட் சத்தம் மாறும் என்பதால், கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங்கில் உள்ள டெஸ்ட்டைப் போட்டு, உட்காரும் இடத்திலிருந்து கேட்டு, ஒவ்வொன்றையும் சமமாக்குங்கள்.

இதை இந்தக் கூட்டத்தில் பேசக் காரணமே அந்த சென்டர் ஸ்பீக்கர்தான். சினிமாவின் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் அது ஒன்றில்தான் வருகிறது. அது பழுதாகி இருந்தாலோ மாட்டப்படாமல் இருந்தாலோ, பின்னணி இசை இடிக்கும், பேச்சு கேட்காது. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? வால்யூமைக் கூட்டுவார்கள். பிறகு சண்டைக் காட்சி வரும், மேல்வீட்டுக் குழந்தை எழுந்துவிடும், மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் புகார் வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. விதியைக் காட்டிச் சண்டை போடுவதைவிட சென்டரைச் சரிசெய்வது சுலபம். சென்டர் இல்லவே இல்லையென்றால் செட்டிங்கில் அதை எடுத்துவிடுங்கள். வசனம் இடது, வலது இரண்டுக்கும் பிரிந்து வந்துவிடும். வசனம் சப்வூஃபரிலிருந்து முழங்கினால் ஆரஞ்சு வயரில் சென்டரும் சப்வூஃபரும் இடம் மாறியிருக்கின்றன. பல சவுண்ட் கார்டு மென்பொருளில் அதை மாற்றிக்கொள்ள வசதி உண்டு.

சப்வூஃபரைப் பொதுச் சுவரை ஒட்டியோ வெறும் தரையிலோ வைக்காதீர்கள். கீழே கனமான ரப்பர் ஷீட் போடுங்கள். அதிர்வு தரை வழியாக இறங்குவது கொஞ்சமாவது குறையும்.

பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். செத்தே போன பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அதன் சின்ன ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஓம் எத்தனை என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாளை உதவும்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மல்டிமீட்டரோடு சங்க அறையில் இருப்பேன். ஸ்டிக்கர் இல்லாத ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு.