கடைசி அத்தியாயம் யாருக்குச் சொந்தம்?

(சங்க வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பேச்சு ஒரு சச்சரவில் பிறந்தது. நம் வாசகர் வட்டத்தில் ஒரு சீன நாவலைப் படிக்க எடுத்தோம். எங்களிடம் இருந்த ஆங்கிலப் பிரதி நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. லோகோ ஷெட்டில் வேலை செய்யும் தோழர் நூலகத்திலிருந்து இன்னொரு பிரதி எடுத்துவந்தார். கதையும் ஒன்றுதான், கதாநாயகனும் ஒருவன்தான். ஆனால் முடிவைப் பேச வந்தபோது, "காதலியைத் தூக்கிக்கொண்டு தப்பித்துவிடுகிறான்" என்றோம் நாங்கள். "அவள் தூக்குப் போட்டுச் செத்தே போனாள் ஐயா, இவன் சீரழிந்து தெருவில் அலைகிறான்" என்றார் அவர். மெட்ரிகுலேஷனோடு நின்றுபோன எங்கள் ஆங்கிலத்தைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருவர் சொன்னதும் சரி! இது எப்படி நேர்ந்தது என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

நாவலின் பெயர் ‘ஒட்டகம் ஷியாங்ஸி’. எழுதியவர் லாவோ ஷே. 1899-ல் பீக்கிங் நகரத்தில், ஓர் ஏழை மஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் அரண்மனைக் காவல் படையில் சாதாரணச் சிப்பாய். 1900-ல் எட்டு அந்நிய நாடுகளின் படைகள் பீக்கிங்குக்குள் புகுந்தபோது நடந்த சண்டையில் இறந்துபோனார். தாயார் ஊரார் துணிகளைத் துவைத்தும் தைத்துக் கொடுத்தும் பிள்ளைகளை ஆளாக்கினார். சாப்பாடும் துணியும் புத்தகமும் இலவசம் என்பதால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து படித்தார் லாவோ ஷே. 1918-ல் தேறி வெளியே வந்தார்.

அந்தக் காலத்தில் சீனத்தில் எழுதும் மொழி வேறு, பேசும் மொழி வேறு. பழைய இலக்கிய நடையைப் படித்துப் புரிந்துகொள்ளவே பல வருடப் பயிற்சி வேண்டும். 1919 மே 4-ந் தேதி மாணவர்கள் தெருவில் இறங்கிய கிளர்ச்சியை ஒட்டி, பேசும் மொழியிலேயே எழுதுவோம் என்ற இயக்கம் வலுத்தது. நல்ல இயக்கம்தான். ஆனால் எழுத வந்த படிப்பாளிகள் பலர் ஐரோப்பிய வாக்கியத்தைச் சீன எழுத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மக்கள் மொழி என்று பெயர். உரக்கப் படித்துக் காட்டினால் மூட்டை தூக்குகிறவனுக்கு விளங்காது. (நம் மேடைகளிலும் இப்படிப்பட்ட மக்கள் மொழியைக் கேட்டிருக்கிறோம், பெயர் சொல்ல வேண்டாம்.)

லாவோ ஷே வேறு வழியாக வந்தார். 1924 முதல் 1929 வரை லண்டனில் சீன மொழி கற்பித்துக்கொண்டு, டிக்கன்ஸ் நாவல்களைப் படித்துக்கொண்டு, அங்கேயே தம் முதல் மூன்று நாவல்களையும் எழுதினார். ஊர் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் சில மாதம் பள்ளி ஆசிரியர். அங்கு தொடங்கிய குழந்தைக் கதையில் சீனச் சிறுவனோடு மலாய்க் குழந்தைகளும் இந்தியக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள். அந்த வயதில் அவருக்குச் சிரிப்பு அதிகம். சிரிக்க வைப்பதற்காகவே சில பக்கங்களை நீட்டுவார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது ஷியாங்ஸி கதையைத்தான். 1936-ல் ஒரு நண்பர் பேச்சுவாக்கில் சொன்னாராம்: ரிக்‌ஷா இழுப்பவன் ஒருவன் சொந்தமாக வண்டி வாங்கினான், விற்றான், திரும்ப வாங்கினான், திரும்ப விற்றான், கடைசிவரை ஏழையாகவே இருந்தான். இன்னொருவனைப் பட்டாளம் பிடித்துப் போக, அவன் மூன்று ஒட்டகங்களோடு தப்பி வந்தான். இந்த இரண்டு துணுக்குகளையும் பிடித்துக்கொண்டு லாவோ ஷே கல்லூரி வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். 1936-37-ல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது.

ஷியாங்ஸி கிராமத்திலிருந்து பீக்கிங்குக்கு வந்தபோது வயது பதினெட்டு. தாய் தகப்பன் இல்லை, நிலமும் போய்விட்டது. வாடகை ரிக்‌ஷா இழுத்து, தேநீர்கூடக் குடிக்காமல் மூன்று வருடம் சேர்த்து, 96 யுவான் கொடுத்துச் சொந்த வண்டி வாங்குகிறான். அதைப் பட்டாளத்துக்காரர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒட்டகங்களை ஓட்டிவந்து 35 யுவானுக்கு விற்கிறான். பட்டப்பெயர் அப்படி வந்தது. மறுபடி சேர்த்ததை உளவுப் போலீஸ்காரன் மிரட்டி வாங்கிக்கொள்கிறான். வண்டிக் கொட்டகை முதலாளியின் மகள் ஹூநியூ அவனைச் சூழ்ச்சியால் கட்டிக்கொள்கிறாள். அவள் பணத்தில் வாங்கிய வண்டி, பிரசவத்தில் அவள் செத்தபோது அடக்கச் செலவுக்குப் போகிறது.

இதை அவர் எழுதிய விதத்தைக் கவனியுங்கள். கதை தொடங்கும்போதே பீக்கிங் ரிக்‌ஷாக்காரர்களைத் தரம் பிரித்துச் சொல்கிறார். நல்ல வண்டி வைத்திருக்கும் வாலிபர்கள், நாற்பது தாண்டியவர்கள், இருபது ஆகாதவர்கள், வெள்ளைக்காரத் தூதரகப் பகுதியில் ஓடுபவர்கள் என்று யார் எந்த இடத்தில் நிற்பது, யாருக்கு எந்தச் சவாரி என்றெல்லாம் வருகிறது. கூட்ஸ் ஆபீஸில் பேரேடு எழுதும் எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. துயரம் துயரம் என்று புலம்பாமல் எத்தனை யுவான் வந்தது, எத்தனை யுவான் போயிற்று என்று கணக்குச் சொல்கிறார், நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. பழைய இலக்கியச் சொல்லாடல்களைத் தவிர்த்து, பீக்கிங் சந்துகளில் புழங்கும் சொற்களைக் கொண்டே எழுதினார். தமக்கு அகப்படாத தெருச்சொற்களை நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். வாக்கியங்கள் சின்னச் சின்னவை, ஓடுகிறவன் மூச்சுப் போல. கோடை வெயிலும் திடீர் மழையுமாக ஒரே நாளைச் சொல்லும் பதினெட்டாவது அத்தியாயத்தைத் தோழர்கள் தனியாகவே படிக்கலாம். மழையில் நனைந்தவன் காய்ச்சலில் படுத்தால் அந்த வீட்டில் அடுப்பு என்னாகும் என்பதுவரை போய்த்தான் அந்த அத்தியாயம் நிற்கிறது.

இனி முடிவுக்கு வருவோம். ஷியாங்ஸி விரும்பிய ஷியாவ் ஃபூஸி என்ற பெண், வறுமையால் உடலை விற்க நேர்ந்து, கடைசியில் தூக்கில் தொங்குகிறாள். அவன் நேர்மை முழுவதும் கரைகிறது. ருவான் மிங் என்று ஒருவன் வருகிறான். ரிக்‌ஷாக்காரர்களைத் திரட்டுகிறவன், ஆனால் காசுக்காகத் திரட்டுகிறவன். ஷியாங்ஸி அவனை 60 யுவானுக்குக் காட்டிக் கொடுக்கிறான். பிறகு பிண ஊர்வலங்களில் கொடி தூக்கிப் பிழைக்கிறான்.

1945-ல் அமெரிக்காவில் இவான் கிங் என்பவர் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு லட்சக்கணக்கானோர் கைக்குப் போயிற்று. அவர்தான் அந்தப் பெண்ணைப் பிழைக்க வைத்து இருவரையும் சேர்த்து வைத்தவர். 1971-ல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். எல்லோரையும் அடித்து ஜெயிப்பதை விசில் அடித்துப் பார்த்தவர்கள் நாமும்தான். ஆனால் அது அந்தப் படத்துக்காக எழுதிய முடிவு. லாவோ ஷேக்கு இந்தத் திருத்தம் பிடிக்கவில்லை.

அடுத்த வெட்டு அவர் கையாலேயே விழுந்தது. அதற்குமுன் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய யுத்தத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு வூஹானுக்குப் போனார். 1938-ல் எழுத்தாளர் எதிர்ப்புச் சங்கம் அமைந்தபோது அதன் அன்றாட வேலைகளைத் தோளில் சுமந்தார். எழுத்தறியாத சிப்பாய்களுக்காக முரசுப் பாட்டுக்கூட எழுதினார். தொழிலாளி, விவசாயி, சிப்பாய் ஆகியோருக்காக எழுதுங்கள் என்று 1942-ல் யேனானில் மாவோ பேசினார். அவர்கள் மொழி லாவோ ஷேக்குப் புதிதல்லவே! அந்த மொழியில் என்ன சொல்லலாம் என்பதில்தான் பின்னால் சிக்கல் வந்தது.

அமெரிக்காவிலிருந்து 1949 டிசம்பரில் புதிய சீனத்துக்குத் திரும்பினார். பீக்கிங் சேரி ஒன்றின் நடுவே ஓடிய நாற்றச் சாக்கடையை அரசு சுத்தம் செய்ததை வைத்து ‘டிராகன் தாடிக் கால்வாய்’ என்ற நாடகம் எழுதினார். 1951-ல் பீக்கிங் நகர அரசு அவருக்கு ‘மக்கள் கலைஞர்’ பட்டம் கொடுத்தது. இதை வெறும் துதி என்று சொல்கிறவர்கள் உண்டு. சாக்கடை ஓரம் குடித்தனம் நடத்திய நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். சாக்கடை உண்மையில் மூடப்பட்டது.

1955-ல் ஷியாங்ஸி நாவலின் திருத்திய பதிப்பு வந்தது. இருபத்துமூன்றாம் அத்தியாயத்தின் பிற்பாதியும் இருபத்துநாலாம் அத்தியாயம் முழுவதும் காணவில்லை. ருவான் மிங்கின் முடிவும், பிண ஊர்வலக் கொடியும் போய்விட்டன. உழைப்பாளிகளுக்கு வழி காட்டாமல் விட்டுவிட்டேனே என்று அந்த வருடங்களில் அவரே வருந்தி எழுதினார். அந்த வருத்தம் பொய் என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் வழி காட்டாதவரா அவர்? வெட்டப்படாமல் மிஞ்சிய பகுதியிலேயே, பேரனைப் பறிகொடுத்த கிழ ரிக்‌ஷாக்காரர் ஒருவர் ஷியாங்ஸியிடம் வெட்டுக்கிளியைப் பற்றிப் பேசுகிறார். தனி வெட்டுக்கிளியைச் சிறு பையன் பிடித்து நூலில் கட்டிவிடுவான். கூட்டமாக வந்தால் வயலே மிஞ்சாது. சங்கம் என்ற சொல்லே இல்லாமல் சங்கத்தைச் சொல்லிவிட்டார்! அதைக் கேட்ட பிறகும் ஷியாங்ஸி விழுகிறான் என்பதும், திரட்ட வந்தவனே விலைக்குப் போனவன் என்பதும்தான் அமைப்பாளர்களாகிய எங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது. சந்தாப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போகிறவர்கள் அந்த ஒன்றரை அத்தியாயத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

1957-ல் ‘தேநீர்க்கடை’ நாடகம். 1898, யுத்தப் பிரபுக்களின் காலம், 1945-க்குப் பிந்திய வருடங்கள் என மூன்று அங்கம். அறுபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் ஒரே கடையில் வந்து போகிறார்கள், ஆளுக்கு நாலு வாக்கியம். அதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். கடைசியில் மூன்று கிழவர்கள் தங்கள் சாவுக்குத் தாங்களே காகிதக் காசு வீசிக்கொள்கிறார்கள். கடைக்காரர் வாங் லிஃபா உயிரை விடுகிறார். நாவலில் அவர் வெட்டிய முடிவு நாடகத்தில் வேறு உருவில் வந்து நின்றுவிட்டது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. புரட்சியின் குரல் போதவில்லை என்ற கண்டனத்துக்கு நாடகம் ஆளாயிற்று.

1966 ஆகஸ்டு 23-ந் தேதி செங்காவலர்கள் லாவோ ஷேயையும் மற்றக் கலைஞர்களையும் கன்பூசியஸ் கோயிலுக்கு இழுத்துப் போய் அடித்தார்கள். மறுநாள் வீட்டைவிட்டுப் போனவரின் சடலம் தாய்பிங் ஏரியில் கிடைத்தது. வயது 67. அடித்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். 1978-ல் அரசு அவர் பெயரைக் களங்கமற்றது என்று அறிவித்தது. 1979-ல் ‘தேநீர்க்கடை’ மறுபடி மேடையேறியது. அதே 1979-ல் அமெரிக்காவில் ஜீன் ஜேம்ஸ் என்பவர் மூல முடிவோடு செய்த ஆங்கிலப் பெயர்ப்பு வந்தது. ஷெட் தோழர் கொண்டுவந்த புத்தகம் அதுதான். தாய்பிங் ஏரி இப்போது இல்லை. அதைத் தூர்த்து, அந்த இடத்தில் பீக்கிங் சுரங்க ரயிலின் வண்டிப் பணிமனையைக் கட்டியிருக்கிறார்கள்.

பேச்சு இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்க மனம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நம் இதழுக்கு ஒரு கதை கொடுத்தார். கதையில் வருகிறவன் இந்த ஊரில் பிழைக்க முடியாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ராத்திரி வண்டி ஏறிப் போய்விடுகிறான். ஆசிரியர் குழுவில் உட்கார்ந்திருந்த நாங்கள் அவனை ரயிலிலிருந்து இறக்கி, சங்கத்தில் சேர்த்து, கையில் கொடியும் கொடுத்து அச்சிட்டோம். அந்தத் தோழர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கதையும் கொடுக்கவில்லை. இப்போது சூரத் பக்கம் போய்விட்டார். அவர் கைப்பட எழுதிய தாள்கள் நம் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அவர் எழுதிய முடிவோடு அடுத்த இதழில் போடலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.