விஞ்ஞானக் கல்வியும் நம் மாணவரும்

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் தம்பி கேட்டபொழுது, 1969இல் சந்திரனிலே மனிதன் கால் வைத்த கதையை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானோ கேத்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உயர்தர வகுப்பிலே இரசாயனம் படிக்கும் மாணவன் ஒருவனிடம், அவன் வீட்டுக் கேத்தலின் அடியிலே படிந்திருக்கும் வெள்ளைப் படிவு யாது என்று ஒருமுறை கேட்டேன். விழித்தான். நீரின் வன்மை பற்றிய சமன்பாட்டைக் கேட்டேன். மூச்சு விடாமல் எழுதிக் காட்டினான். அவன் கொப்பியிலே எழுதிய கல்சியம் காபனேற்றும், அவன் தாயார் கேத்தலிலிருந்து சுரண்டி எடுப்பதும் ஒரே பொருள் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பரீட்சையிலே கேத்தல் வராதல்லவா!

நம்மூரிலே விஞ்ஞானத்துக்கு மதிப்பில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மதிப்பெல்லாம் இரண்டு வாசல்களுக்கே உரியது. ஒன்று டாக்டர், மற்றது எஞ்சினியர். “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்ற நம் முன்னோர், ஆங்கிலேயர் காலத்திலே இலிகிதர் உத்தியோகத்தைத் தேடி ஓடினர். நிலமும் குறைவு, நீரும் குறைவு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பின்பு, 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் இடங்கள் பங்கிடப்பட்டபொழுது, மருத்துவ, பொறியியல் பீடங்களில் ஓர் இடம் என்பது ஒரு குடும்பத்தின் ஆசையாக மட்டும் நில்லாது, ஓர் இனத்தின் மானமாகவே மாறிற்று. அந்தக் காயம் உண்மையானது. அதன் சுமையை இன்னும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளிலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று தடவை பரீட்சை எழுதியும் மருத்துவ பீடத்துக்குச் சொற்பப் புள்ளி குறைந்துபோன மாணவி ஒருத்தியை நானறிவேன். மரஞ்செடிகளிலே அவளுக்கு அலாதியான பிரியம். ஓர் இலை கிடைத்தால் அதன் நரம்பைப் பார்க்காமல் விடமாட்டாள். விஞ்ஞான பீடத்திலே இடம் கிடைத்தது. வீடோ செத்தவீடு போலக் கிடந்தது. ஏன் இப்படி என்று தகப்பனாரைக் கேட்டேன். “மாஸ்ரர், நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?” என்றார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பெரியோர் கோபிக்கலாகாது. நவராத்திரியிலே சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் சந்தனமும் குங்குமமும் சாத்திக் கும்பிடுகிறோம். 2013ஆம் ஆண்டு உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலே சேர்ந்த பிள்ளையைப் பற்றி உறவினரிடம் சொல்லக் கூசுகிறோம். கும்பிட்ட ஸ்பானரை நம் பிள்ளை கையில் எடுத்தால் மட்டும் குறைவோ?

நமக்கு வேண்டிய விஞ்ஞானம் காலடியிலேயே கிடக்கிறது. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் அளவோடு எடுத்தோம். பம்பு வந்தபின் அளவு மறந்துபோயிற்று; உவர் மேலே ஏறுகிறது. தோட்டத்துக்கு இடும் பசளையிலுள்ள நைத்திரேற்றும் கிணற்றில் இறங்குகிறது. டாக்டர் நோய் வந்தபின் பார்ப்பார். தண்ணீரை அளக்கவும் ஆராயவும், பம்பையும் குழாயையும் திருத்தவும் யார் வருவார்? நாம் “இரண்டாந்தரம்” என்று ஒதுக்குகின்ற படிப்புகளைப் படித்தவர்களே வரவேண்டும்.

செயலாளரிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு காலைத் தேவார வகுப்பு முடிந்தபின் மன்ற மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு போத்தல் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரட்டும். சவர்க்காரக் கரைசலை விட்டுக் குலுக்கி, எந்தக் கிணற்று நீர் எவ்வளவு நுரைக்கிறதென்று ஒப்பிட்டுப் பார்ப்போம். புள்ளியும் இல்லை, பரீட்சையும் இல்லை. சோதனைக் குழாய்கள் ஒரு பெட்டி என்னிடம் இருக்கின்றன. தகப்பன்மாரும் வரலாம்.